திறவாத கதவும் அழியாத செல்வமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசினோம், இசை பேசினோம், பிறந்த மண்ணை விட்டு வந்தோரின் கடமைகளைப் பேசினோம். இவ்வாண்டு, பழுதுற்ற கணினியை மீட்கும் வழியைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றோம். 'இதற்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன உறவு?' என்று சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். உறவு உண்டு. அதனை நாம் நூலிலே கற்கவில்லை; சென்ற மழைக்காலத்தில் நம் சங்க அறையிலேயே கற்றோம்.

ஒருநாள் மாலை, சங்கத்துக் கணினி தன் விண்டோஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது. மின்சாரம் மீண்டபின் கணினியை இயக்கினோம். திரையில் புள்ளிகள் வட்டமிட்டுச் சுழன்றன. பழுது நீக்க ஆயத்தம் நடைபெறுகிறது என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வரி தோன்றியது. பின்னர்த் திரை இருண்டது. மறுபடியும் புள்ளிகள், மறுபடியும் அதே வரி, மறுபடியும் இருள். இரவு பத்து மணி வரை இதுவே நிகழ்ந்தது.

அக்கணினியில் இருந்தவை யாவை? உறுப்பினர் பதிவேடு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மாணாக்கரின் பட்டியல், பழைய விழாப் படங்கள். இவற்றையெல்லாம்விட அரியது ஒன்றும் இருந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல்லாண்டு வாழ்ந்து, பின்னர் மக்களோடு சான்பாடாவுக்குக் குடிபெயர்ந்த மூத்தோர் பதினொருவர், தாம் பம்பாய்க்கு வந்த கதையைத் தம் வாயாற் சொல்ல, அதனை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தோம். அப்பதினொருவருள் நால்வர் இன்று நம்மிடையே இல்லை.

மறுநாள் கணினியை ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் ஒருமுறை இயக்கிப் பார்த்தார். "பார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுத் தருகிறேன். பழைய கோப்புகளுக்கு உறுதி சொல்ல முடியாது" என்றார். அவர்மீது குறை கூற நாம் வரவில்லை. வரிசையாக வந்து நிற்கும் கணினிகளுக்கு விரைவான மருந்து அதுவே. நாமும் 'சரி' என்று தலையசைக்கும் நிலையில்தான் இருந்தோம். அப்பொழுது உடன் வந்திருந்த நம் காலனியின் கல்லூரி மாணவி ஒருவர், "மாமா, கதவுதான் சிக்கியிருக்கிறது, வீட்டுக்குள் இருப்பது எங்கும் போகவில்லை. வருகிற ஞாயிறு வரைக்கும் பொறுங்கள்" என்றார். பொறுத்தோம். அப்பொறுமையே இன்று நாம் பேசும் பொருள்.

கணினிக்குள் இருப்பவை இருவகை. ஒன்று, கணினியை இயக்கும் விண்டோஸ். மற்றொன்று, நாம் சேர்த்து வைத்த கோப்புகள். முன்னது பழுதுற்றால் பின்னது அழிந்தது என்று பொருள் அன்று. இவ்வேறுபாட்டை அறியாமையால் எத்தனை குடும்பங்கள் மழலைப் பருவப் படங்களையும், மறைந்தோரின் குரலையும், மாணவரின் ஆராய்ச்சி ஏட்டையும் தம் கையாலேயே அழித்திருக்கின்றன! மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவன் கதையைக் கேட்டுச் சிரிக்கும் நாம், கணினித் திரை இருண்டதும் அதே தீக்குச்சியைத் தேடுகின்றோம்.

'பழுதுற்ற விண்டோஸ் தன்னைத் தானே ஏன் திருத்திக்கொள்ளக் கூடாது?' என்று கேட்கலாம். நம் ஊரிலேயே அதற்கு விடை உளது. சான்பாடாவில் மின்சார ரயில்களுக்கான பணிமனை இருப்பதை யாவரும் அறிவோம். பயணிகளை ஏற்றிக்கொண்டு வாஷிக்கும் சான்பாடாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தை எவரும் கழற்றுவதில்லை. வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவந்து நிறுத்திய பின்னரே பழுது பார்க்கின்றனர். கணினிக்கும் அத்தகைய பணிமனை ஒன்று உண்டு. பெரிய விண்டோஸ் உறங்கிக் கிடக்க, அதற்கு வெளியே நின்று அதனைத் திருத்தும் சிறிய மீட்பு அமைப்பு அது. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸில் அது வெறும் கட்டளைத் திரையாக இருந்தது. 2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விஸ்டாவிலிருந்து, பல கருவிகள் நிறைந்த அறையாக வளர்ந்தது. அவ்வறையில் இன்றும் ஒரு கருந்திரை உண்டு. படம் இல்லை; பொத்தான் இல்லை; ஒரு வரியில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும்; விடையும் எழுத்தாகவே வரும்.

இக்கருந்திரையின் அருமையை உலகம் முழுவதும் ஒரே நாளில் உணர்ந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், கணினிகளைத் தீயோரிடமிருந்து காக்கும் தன் காவல் மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பியது. நம் நாட்டு நேரப்படி அப்போது காலை 9.39. அக்கோப்பில் ஒரு பிழை. மென்பொருள் 21 உறுப்புகளை எதிர்நோக்கியது. அதற்குத் தரப்பட்டவை 20 மட்டுமே. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிச் சென்ற மென்பொருள், நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்க முயன்றது, விண்டோஸ் நிலைகுலைந்தது. ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளுள் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. ஆயினும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் அந்த ஒன்றுக்குள் அடங்கியிருந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் ஊழியர் பயணிகளைக் கையாற் பதிவு செய்தனர். மையால் எழுதிய போர்டிங் பாஸைப் பலர் வியப்போடு படமெடுத்து வைத்துக்கொண்டனர். ஐரோலியிலும் மஹாபேயிலும் கணினித் துறையில் பணிபுரியும் நம் காலனி இளைஞர் சிலர், அன்று நள்ளிரவு கடந்தே வீடு திரும்பினர்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பிழையுள்ள கோப்பை அந்நிறுவனம் 10.57 மணிக்கே திரும்பப் பெற்றுவிட்டது. பிழை உலவியது 78 நிமிடம் மட்டுமே. அங்ஙனமாயின் ஏன் நாட்கணக்கில் துன்பம்? வீழ்ந்த கணினிகளுட் பல, திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்குக்கூட எழவில்லை. மயங்கிக் கிடப்பவன் வாயில் மருந்தை எங்ஙனம் ஊட்டுவது? ஆகவே ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் சென்று அமர வேண்டியதாயிற்று. மீட்பு அறையைத் திறந்து, விண்டோஸின் உள்ளறைகளில் அந்நிறுவனத்தின் பெயர் கொண்ட பகுதிக்குச் சென்று, 291 என்னும் எண் தாங்கிய அக்கோப்பை அழிக்க வேண்டும். கருந்திரையில் அதற்கு ஓரிரு வரிக் கட்டளையே போதும். அது தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகத் தொட்ட பின்னரே பெரும்பாலானவை எழுந்தன. ஜூலை 29ஆம் நாளளவில் ஏறத்தாழ 99 விழுக்காடு மீண்டுவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. அந்நாளில் கணினிகளை யாரும் கொளுத்தவில்லை, கதவைச் செப்பனிட்டனர். பெருநிறுவனங்களுக்குத் தெரிந்த அவ்வழி நம் வீடுகளுக்கும் தெரிய வேண்டாவா?

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்க அறையில் நிகழ்ந்ததைச் சொல்லுவோம். விண்டோஸ் அடுத்தடுத்து இருமுறை எழ முயன்று தோற்றால், மீட்பு அறை தானே திறக்க வேண்டும் என்பது முறை. நம் கணினியிலோ அவ்வறையின் வாயிலிலேயே சுழற்சி நின்றுவிட்டது. அதனால் அம்மாணவி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விலையின்றி வழங்கும் விண்டோஸைத் தம் வீட்டுக் கணினியின் துணையால் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அதற்கு 8 ஜி.பி. அளவே போதும். அதைச் செருகி அதிலிருந்து கணினியை எழுப்பினார். புதிதாக நிறுவும் வரியைத் தொடாமல், பழுது பார்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியே கருந்திரையை அடைந்தார்.

முதற் கட்டளை, டிஸ்க்பார்ட். அதற்குள் சென்று பகுதிகளைப் பட்டியலிடக் கேட்டார். நாளும் 'சி' என்று நாம் அழைத்த பகுதி, அங்கே 'டி' என்னும் பெயரோடு நின்றது. மீட்பு அறையில் பெயர்கள் இவ்வாறு மாறுவது இயல்பு. இதனை அறியாது கட்டளையிடுவது, வேற்று வீட்டுக் கதவை உடைப்பதற்கு ஒப்பாகும். பெயரை உறுதி செய்ததும் டிஸ்க்பார்ட்டை விட்டு உடனே வெளியேறினார்.

இரண்டாவது, உள்ளிருப்பவற்றைக் காட்டும் டி.ஐ.ஆர். என்னும் மூன்றெழுத்து. கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடின. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த அத்தமிழ்ப் பெயர்கள், அந்த மூத்தோரின் பெயர்கள், கருந்திரையில் வெண்ணிறமாகத் தோன்றின. அறையிலிருந்தோர் எவரும் சிறிது நேரம் பேசவில்லை. ஏழு நாள் முன்பு நாம் 'சரி' என்று சொல்லியிருந்தால் அழிந்திருக்கக்கூடியவை அல்லவா அவை!

மூன்றாவதுதான் மிக இன்றியமையாதது. திருத்தத் தொடங்குமுன் படியெடுத்தார். வெளியே இணைத்த ஹார்ட் டிஸ்கிற்கு ரோபோகாப்பி என்னும் கட்டளையாற் கோப்புகளை அனுப்பினார். அக்கட்டளைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கோப்பு தடைப்பட்டால், முப்பது நொடி இடைவெளி விட்டுப் பத்து இலட்சம் முறை முயலும். 'ஒருமுறை முயன்று பார். வராவிட்டால் அடுத்ததற்குச் செல்' என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். அவ்வாறு சொல்லியே அவர் அனுப்பினார். ஒன்றைத் தவிர எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்தன.

நான்காவது, செக்டிஸ்க். ஹார்ட் டிஸ்கின் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கும் கட்டளை இது. 1981இல் வெளிவந்த டாஸ் காலத்திலேயே இப்பெயரில் ஒரு கட்டளை இருந்தது. 'எஃப்' என்னும் எழுத்தைச் சேர்த்தால் கணக்குப் பிழையைத் திருத்தும். 'ஆர்' என்னும் எழுத்தைச் சேர்த்தால், பழுதான இடங்களையும் தேடிக் கண்டு, அங்கே படிக்க இயன்றதை மீட்கும். இரண்டாவது வகைக்கு நேரம் மிகுதியும் செல்லும். நம் கணினிக்கு மூன்று மணி நேரம் சென்றது. அதற்குள் நாம் மதிய உணவையே முடித்துவிட்டோம்.

ஐந்தாவது, டிஸ்ம் என்னும் கட்டளை. மின்சாரம் நின்றதால் பாதியில் அறுந்த புதுப்பிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி அதற்கு ஆணையிட்டார். பின்னர்ப் பென் டிரைவை எடுத்துவிட்டுக் கணினியை இயக்கினார். புள்ளிகள் சுழன்றன. மாற்றங்கள் நீக்கப்படுகின்றன என்று ஒரு வரி வந்தது. மாலை நான்கு மணிக்கு, நம் சென்ற ஆண்டு விழாப் படத்தோடு பழைய திரை மலர்ந்தது. அதன்பின் உள்ளிருந்தே எஸ்.எஃப்.சி. என்னும் கட்டளையால், விண்டோஸின் சொந்தக் கோப்புகள் செம்மையாக உள்ளனவா என்று பார்த்தார். சிதைந்த சில கோப்புகளை அது தானே மாற்றி வைத்தது. தொடக்கக் குறிப்புகளைப் புதிதாக எழுதும் பி.சி.டி. பூட் என்னும் கட்டளையும் உண்டு. அது தேவைப்படவில்லை, ஆகவே தொடவில்லை. வேண்டாத மருந்தை ஊட்டாமையும் மருத்துவத்தின் ஒரு பகுதியன்றோ!

படியெடுக்க வராத அந்த ஒரு கோப்பு என்னாயிற்று என்று கேட்பீர்கள். செக்டிஸ்க் முடிந்தபின் அதுவும் வந்தது. ஆனால் முழுமையாக வரவில்லை. தாராவியில் இட்லி வணிகம் செய்து நான்கு மக்களை ஆளாக்கிய ஒரு மூதாட்டியின் குரல் அது. ஊரில் வண்டியேறிய கதையைச் சொல்கிறார். இரண்டு இரவுப் பயணத்தைச் சொல்கிறார். கைக்குழந்தையோடு தாதரில் இறங்கினேன் என்கிறார். அந்த இடத்தோடு குரல் நின்றுவிடுகிறது. அம்மூதாட்டி இன்று இல்லை. எஞ்சியதை இனி யாரிடம் கேட்போம்? இவ்விழப்புக்கு மின்சாரமும் காரணம் அன்று; கடைக்காரரும் காரணம் அல்லர். ஈடு செய்ய முடியாத ஒன்றை ஒரே இடத்தில் வைத்திருந்தோமே, நாமே காரணம். கட்டளைகள் கதவைத் திறக்கும். உள்ளே கரையான் தின்றதைத் திருப்பித் தாரா.

ஆகவே நம் காலனிக் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, கணினி திறக்காத நாளில் 'பார்மட்' என்னும் சொல்லுக்கு உடனே இசையாதீர்கள். பழுது பார்ப்பவரிடம், 'முதலில் என் கோப்புகளைப் படியெடுத்துத் தாருங்கள். பிறகு வேண்டியதைச் செய்யுங்கள்' என்று சொல்லுங்கள். இவ்வொரு தொடரே பல வீட்டுச் செல்வத்தைக் காக்கும்.

இரண்டாவது, சாவியைத் தேடி வையுங்கள். இக்காலத்துக் கணினிகள் பல, பிட்லாக்கர் என்னும் பூட்டோடு வருகின்றன. வீட்டார்க்கே அது தெரிவதில்லை. அத்தகைய கணினியின் மீட்பு அறைக்குள் செல்ல 48 இலக்கச் சாவி எண் வேண்டும். எண் இல்லையேல், எத்துணைக் கட்டளை அறிந்தவரும் கோப்புகளைத் தொட இயலாது. 2024ஆம் ஆண்டுத் துன்பத்தை நீட்டித்தவற்றுள் இதுவும் ஒன்று. சாவி எண்களைச் சேர்த்து வைத்திருந்த கணினியே திறவாது போன அலுவலகங்களும் இருந்தன. வீட்டுக் கணினிகளின் எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதனை எடுத்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் அட்டையும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, மீட்புப் பென் டிரைவ் ஒன்றை நல்ல நாளிலேயே ஆயத்தம் செய்யுங்கள். மீட்பு அறையே பழுதாவதும் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாள் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பால், அவ்வறைக்குள் யு.எஸ்.பி. விசைப்பலகையும் மௌஸும் இயங்காமற் போயின. அதே மாதம் 20ஆம் நாளன்றுதான் திருத்தம் வந்தது. மருத்துவரும் நோய்வாய்ப்படுவர், ஆகவே மாற்று மருந்து வீட்டில் இருக்கட்டும்.

நான்காவது, ஆழம் தெரியாமற் காலை விடாதீர்கள். டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' என்று ஒரு சொல் உண்டு. தூய்மை செய்யும் சொல் போலத் தோன்றும். ஆனால் தேர்ந்தெடுத்த ஹார்ட் டிஸ்கின் பகுதிக் கணக்கு முழுவதையும் அது துடைத்துவிடும். தொலைபேசியில் அழைக்கும் அறியாதவர் சொல்லும் எக்கட்டளையையும் தட்டச்சு செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக், டக்' என்னும் ஒலி எழுந்தால், அது விண்டோஸின் பழுது அன்று, பொருளின் பழுது. அப்போது எந்தக் கட்டளையும் இடாமல் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுங்கள். இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பை மிகுவிக்கும்.

இறுதியாக ஒன்று. எல்லா வேண்டுகோள்களுக்கும் மேலான வேண்டுகோள், இரண்டாம் படி. குடும்பப் படங்கள், மூத்தோர் குரல், மக்களின் சான்றிதழ்கள் ஆகியவற்றை வேறொரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இயன்றால் வேறொரு வீட்டில் வையுங்கள். பண்டிகைக்கு வீட்டை ஒழுங்கு செய்யும்போது இதனையும் ஒரு சடங்காகக் கொள்ளலாம்.

மேற்கூறிய கட்டளைகளைப் பிழையின்றி எழுதிச் சங்க அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கின்றோம். மீட்புப் பென் டிரைவ் ஒன்று அலமாரியில் உள்ளது. வேண்டுவோர் பெற்றுச் சென்று திருப்பித் தரலாம். எஞ்சிய ஏழு மூத்தோரின் குரல்கள் இப்போது மூன்று வீடுகளில் மூன்று படிகளாக இருக்கின்றன. மறைந்த நால்வரின் குரல்களும் அவற்றோடு இருக்கின்றன, ஒருவர் குரல் பாதியாக. இன்னும் தம் கதையைச் சொல்லாத பெரியோர் இவ்வவையில் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். வரும் ஞாயிறுகளில் சங்க அறைக்கு வாருங்கள், சொல்லுங்கள். பதிவு செய்யவும், படியெடுத்துக் காக்கவும் இப்போது நமக்குத் தெரியும்.